வலது கால்: மரம்

கணக்கெடுப்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வேலை நாளில் வந்தால் வேலை கெடும், விடுமுறை நாளில் வந்தால் தூக்கம்தான் கெடும் என்று கம்பெனியின் நல்வாழ்வுப் பிரிவு தீர யோசித்து முடிவு செய்திருந்தது. துபாயில் ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் வாரத்துக்கு அந்த ஒரு நாள்தான் விடிந்த பிறகும் ஆட்கள் படுத்துக்கிடப்பார்கள். காலையிலேயே ஒலிபெருக்கியைக் கட்டி, “போதிய உறக்கமே ஆரோக்கியத்தின் அடித்தளம்” என்று இந்தியிலும் வங்காளத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் அலறவிட்டு, எல்லோரையும் எழுப்பி வரிசையில் நிறுத்தினார்கள்.

கணக்கெடுப்பின் பெயர், ‘வயது வந்தோரிடையே நாட்பட்ட நோய்களை உண்டாக்கும் வாழ்க்கைமுறை அபாயக் காரணிகள் பற்றிய ஆய்வு’. பேனரில் இடம் போதாமல் ‘ஆய்வு’ மட்டும் மடங்கிப் பின்பக்கம் போயிருந்தது. 2007-ஆம் வருடம் அது. எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது, கட்டடம் ஏறிக்கொண்டிருந்தது, வளைகுடா முழுக்கச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்கூட ஏறுகின்றன என்று யாரோ மாநாட்டில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கம்பெனி பார்த்தது. ஓர் ஆய்வு நடத்துவது என்று தீர்மானித்தது. நோயைக் குறைப்பதைவிட அது சுலபம்.

வரிசையில் நின்றவர்களில் ராமையா ஒருவர்தான் சந்தோஷமாக நின்றார். அறந்தாங்கிப் பக்கம் ஊர், வயது நாற்பத்தேழு, கண்டெய்னருக்குள் ஏறிப் பெட்டிகளை இறக்கும் வேலை. போன குளிர்காலத்திலிருந்து அவருக்கு வலது காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. முதலில் விரல், பிறகு பாதம். ஒருநாள் குளியலறையிலிருந்து திரும்பிவரும்போது, பக்கத்துக் கட்டிலில் படுக்கும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் அருள்முருகன்தான் சொன்னான்: “அண்ணே, ஒரு கால்ல செருப்பக் காணமே.” குனிந்து பார்த்தார், உண்மைதான். அது எங்கே கழன்றது என்று காலுக்கே தெரியவில்லை. அன்றைக்கு அவருக்கு உண்டான பயம் இன்னும் போகவில்லை. அந்தக் காலை யாராவது படித்தவர் ஒருமுறை பார்த்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே இருந்தார். இப்போது கம்பெனியே வீடு தேடி வந்து உடம்பைப் பற்றிக் கேட்கிறது என்றால் சந்தோஷம் வரத்தானே செய்யும்?

தமிழ் மேசையில் ஆகில் உட்கார்ந்திருந்தான். வாப்பா கீழக்கரைக்காரர், துபாயின் தேரா பஜாரில் கடை. மகன் பிறந்ததும் படித்ததும் இங்கேயே, ஆங்கிலப் பள்ளியில். இப்போது கணக்கெடுப்பு ஏஜென்சியில் நல்ல உத்தியோகம். சாப்பிடு, தூங்கு, சேட்டை பண்ணாதே என்று உம்மா சொல்லும் அளவுக்கு அவனுக்குத் தமிழ் தெரியும். அந்தத் தகுதியில்தான் தமிழ் மேசையைக் கொடுத்திருந்தார்கள்.

“அங்கிள், ஒரு வீக்ல எத்தனை டேஸ் எக்சர்சைஸ் பண்றீங்க?”

“கண்டெய்னர்ல பொட்டி எறக்குறேன் தம்பி. வாரத்துல ஆறு நாளும்.”

“அது ஜாப். ஜாப் கவுன்ட் ஆகாது. ஃப்ரீ டைம்ல என்ன பண்றீங்க?”

“ஃப்ரீ டைம்ல படுத்துக் கெடப்பேன்.”

ஆகில் லேப்டாப்பில் ‘உடலுழைப்பு அற்றவர்’ என்ற கட்டத்தைத் தட்டினான். இதில் தவறு சொல்ல முடியாது. விதிமுறை அப்படி. காசு கொடுத்து இரும்பைத் தூக்கினால் உடற்பயிற்சி; காசு வாங்கிக்கொண்டு தூக்கினால் சோம்பேறித்தனம். அன்று மாலைக்குள் அந்தக் கேம்ப்பில் சுமைதூக்குகிறவர்கள் அத்தனை பேரும் உடலுழைப்பு அற்றவர்களாகப் பதிவாகிவிட்டார்கள்.

“ஃப்ரூட்ஸ் சாப்பிடுவீங்களா?”

“மெஸ்ஸுல வெள்ளிக்கிழம ஒரு வாழப்பழம் குடுப்பாக. இன்னைக்கு ஒங்க கூட்டத்துனால அதுவும் தீந்துபோச்சாம்.”

“ஸ்ட்ரெஸ் இருக்கா? மனசுல டென்ஷன்?”

“எதப் பத்தி?”

“எதைப் பத்தியும்.”

ராமையா யோசித்துப் பார்த்தார். “குறிப்பா ஒண்ணப் பத்தின்னு இல்ல தம்பி.”

இல்லை என்று தட்டினான்.

“ஃபேமிலி கூட வீக்லி எவ்ளோ நேரம் ஸ்பெண்ட் பண்றீங்க?”

“ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம் லீவுல போவேன்.”

“வீக்லி கேக்குது அங்கிள்.” ஆகில் அதை வாரக்கணக்கில் வகுத்துப் போட்டான். பார்ப்பதற்குக் கௌரவமான ஓர் எண் வந்தது. துபாயில் மனைவி மக்களோடு குடியிருக்கிற மேனேஜர்கள் பலருக்கு அந்த எண் வரவில்லை என்று பின்னால் தெரிந்தது.

“லாஸ்ட் கொஸ்டின். வேற ஏதாவது ப்ராப்ளம் இருக்கா?”

இதற்காகத்தான் ராமையா காலையிலிருந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மற்ற யாருக்கும் கேட்காதபடி சொன்னார்:

“வலது கால் மரத்துப் போச்சு தம்பி.”

ஆகிலின் விரல் நின்றது. மரம் என்றால் அவனுக்குத் தெரியும். போச்சு என்றாலும் தெரியும்.

“மரமா அங்கிள்? ஃபுல்லாவா?”

“முட்டிக்குக் கீழ முழுசா.”

“எப்போலேர்ந்து?”

“போன குளுருலேர்ந்து.”

“வெரி ஸாரி அங்கிள்,” என்றான் ஆகில். உண்மையிலேயே அவனுக்குக் கண் கலங்கியது. மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பார்க்கவில்லை. ஊனத்தை உற்றுப் பார்ப்பது அநாகரிகம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ‘வலது கால்: மரம்’ என்று தட்டிவிட்டு, எழுந்து நின்று ராமையாவின் கையைக் குலுக்கினான். இத்தனை வருடத்தில் யாரும் தன் கையை அப்படிப் பிடித்ததில்லை என்று ராமையாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இனி கவலையில்லை, பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார்.

அடுத்த மேசையில் மலையாள நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். சின்ன மெஷின் ‘கீ’ என்றது. அவள் சட்டென்று மெஷினைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“எவ்வளவு காட்டுது சிஸ்டர்?”

“அது சொல்லான் பாடில்லா. கான்ஃபிடென்ஷியல்.”

“யாருக்கு?”

“உங்களோட சொந்த விஷயம். அதான் யாருக்கும் சொல்லக்கூடாது.”

“எனக்குமா?”

“யாருக்கும்னா யாருக்கும்தான்,” என்றாள் நர்ஸ். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ரமலான் முடிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை மெஸ் ஹாலில் ஆய்வு முடிவு வெளியிடப்பட்டது. நல்வாழ்வுப் பிரிவின் தலைவி வசந்தகுமாரி மேடையேறினார். சென்னைக்காரர், ஊழியர் மகிழ்ச்சி என்னும் துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவர், மருந்தெழுதும் டாக்டர் இல்லை. இதை அவரே ஒவ்வொரு கூட்டத்திலும் அடக்கத்தோடு சொல்லிக்கொள்வார்.

“நண்பர்களே, ரொம்ப வருத்தமான விஷயம். உங்கள்ல நாலு பேர்ல ஒருத்தருக்கு சுகர் இருக்கு. அதைவிட வருத்தம் என்னன்னா, அவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குத் தனக்கு சுகர் இருக்கிறதே தெரியாது! எவ்வளவு பெரிய அறியாமை பாருங்க. இந்த அறியாமைதான் நம்ம முதல் எதிரி.”

கைதட்டினார்கள். ராமையாவும் தட்டினார். அருள்முருகன் மட்டும் எழுந்து நின்றான்.

“மேடம், அந்த நாலுல ஒருத்தன் யாருன்னு சொன்னா நல்லாருக்கும்.”

“அது அவங்கவங்க பிரைவசி. உங்க பிரைவசியைக் கம்பெனி உயிரைக் கொடுத்தாவது காப்பாத்தும்.”

ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுக்குப் பெஞ்சு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமையாவின் பெஞ்சில் இருந்த ஒல்லிப் பையன் அன்றோடு டீயில் சீனியை விட்டுவிட்டான். ராமையா விடவில்லை. தன்னுடைய கோளாறு காலில்தானே என்று இருந்தார்.

வசந்தகுமாரி பரிந்துரைகளை வாசித்தார். தினம் ஐந்து வகைப் பழம். எட்டு மணி நேரத் தூக்கம். சமையலுக்கு ஆலிவ் எண்ணெய். மனம்விட்டுப் பேச ஒரு செல்லப்பிராணி. லிஃப்டைத் தவிர்த்துப் படியேறுவது. கேம்ப்பில் லிஃப்ட் கிடையாது என்பதால் இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தார்கள். அதற்கு ஒரு பாராட்டுப் பத்திரம், கேம்ப்பை மேற்பார்க்கிற கேம்ப் பாஸ் கையில் கொடுக்கப்பட்டது.

“இவ்வளவு இருட்டுக்கு நடுவில ஒரு வெளிச்சமும் இருக்கு,” என்று வசந்தகுமாரி குரலைத் தாழ்த்தினார். “உங்க நடுவுல ஒரு ஹீரோ இருக்கார். ஒரு கால் செயற்கைக் கால். ஆனாலும் தினமும் கண்டெய்னர் ஏறி வேலை செய்யறார். யார்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்லை. ரூம்ல இருக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது!”

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ராமையாவும் பாவம் யாரோ என்று திரும்பிப் பார்த்தார்.

“ராமையா! மேலே வாங்க!”

வேறு ராமையாவாக இருக்கும் என்று உட்கார்ந்தே இருந்தவரைப் பிடித்து எழுப்பிக் கொண்டுபோனார்கள். ஆய்வு அறிக்கை மேலே போகப் போக ‘மரம்’ என்பது கௌரவக் குறைவாகத் தோன்றி, யாரோ ‘செயற்கை உறுப்பு’ என்று திருத்தியிருந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். “மேடம், என் காலு...” என்று ராமையா ஆரம்பித்தபோது மைக்கை வாங்கிக்கொண்டார்கள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று வசந்தகுமாரி விளக்கம் சொன்னார்.

மறுநாள் டூட்டி முடிந்ததும் ராமையா கேம்ப் கிளினிக்குக்குப் போனார். ஹெல்த் கார்டு கம்பெனியுடையது. கிளினிக் டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வெளி ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். டாக்டர் வடக்கத்திக்காரர். ராமையாவுக்குத் தெரிந்த இந்தி வேர்ஹவுஸ் இந்தி: தூக்கு, இறக்கு, சீக்கிரம், உடையும் ஜாக்கிரதை. மரத்துப் போவதற்கு இந்தியில் என்ன சொல்வார்கள் என்று வழி நெடுக யோசித்தும் கிடைக்கவில்லை. மரப்பலகைக்கு என்ன சொல் என்று மட்டும் தெரியும், தினமும் அதில்தான் பெட்டி அடுக்குகிறார்.

“சாப், பாவ் லக்கடி ஹோ கயா,” என்றார். ஐயா, கால் கட்டையாகிவிட்டது.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஆமாம், அதிலும் அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் கடமை தவறாதவர். ஷூவைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ஊசியை எடுத்துப் பெருவிரலில் குத்தினார்.

“தெரிகிறதா?”

“நஹி சாப்.”

குதிகாலில் குத்தினார். கணுக்காலில் குத்தினார். எதுவுமே தெரியவில்லை. டாக்டர் திருப்தியோடு தலையாட்டினார். ரெக்கார்டு சரி. குத்திய இடத்தில் துளிர்த்த ரத்தத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, எந்த நாட்டுத் தயாரிப்பு, இவ்வளவு இயற்கையாக இருக்கிறதே என்று விசாரித்தார். ராமையாவுக்குப் புரியவில்லை. “இந்தியா,” என்று சொல்லிவைத்தார். டாக்டருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், பழுதானால் வாங்கிய இடத்தில் கொடு என்று சொல்லி அனுப்பினார்.

“அவன் டாக்டரா, ஆசாரியா?” என்று அருள்முருகன் குதித்தான். “நேரா அந்தம்மாட்டப் போயி நில்லுங்கண்ணே. தமிழ்க்காரிதான. மரத்துப் போச்சுன்னா வெளங்காதா?”

விளங்கியது. அதுதான் விசேஷம். வசந்தகுமாரி ஏசி அறையில் ராமையாவை உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டு, வாய்விட்டுச் சிரித்தார்.

“மரத்துப் போச்சுன்னா நம்ப்னெஸ். எனக்குத் தெரியாதா ராமையா? நான் மாம்பலத்துல வளர்ந்தவ. அந்தப் பையன் மரம்னு போட்டிருக்கான். சோ ஃபன்னி.”

“அப்ப மாத்திருங்க மேடம். ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு மட்டும் குடுக்கச் சொல்லுங்க.”

“அங்கதான் சின்னச் சிக்கல்.” அவர் சிரிப்பை நிறுத்தினார். “டேட்டாவை லாக் பண்ணியாச்சு. ரிப்போர்ட் ஹெட் ஆபீஸ் போயாச்சு. வளைகுடா அளவுல ஒரு விருதுக்கு நம்மளை நாமினேட் பண்ணியிருக்காங்க, அதுவும் முக்கியமா உங்க காலுக்காகத்தான். இப்ப போய் கால் நல்ல கால்னு சொன்னா, ரெண்டுல ஒண்ணு பொய்யாகணும். ஒண்ணு சர்வே பொய், இல்ல நீங்க பொய். சர்வே பொய் சொல்லாது, அது சயின்டிஃபிக். அப்ப யாரு?”

ராமையா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

“பொய்த் தகவல் கொடுத்தா விசா கேன்சல் வரைக்கும் போகும். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம வாக்கத்தான். நீங்கதான் முன்னாடி நடக்கணும். அது நல்லபடியா முடியட்டும், நானே பேசி உங்களுக்கு ஆஸ்பத்திரி சீட்டு வாங்கித் தர்றேன். ப்ராமிஸ்.”

விசா என்ற வார்த்தைக்கு அப்புறம் ராமையாவுக்கு நடப்பதும் சீட்டும் மட்டும்தான் காதில் விழுந்தன. ஊரில் மகள் சங்கீதா நர்சிங் இரண்டாம் வருடம். நடந்தால் சீட்டு. அவ்வளவுதானே? நடக்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டு வந்தார். காலைக் காப்பாற்றுவதற்காக அந்தக் காலாலேயே நடப்பது என்று ஏற்பாடானது.

வாக்கத்தான் அன்று எல்லோருக்கும் நீலத் தொப்பி. செலவை ஏற்றுக்கொண்டது ஒரு குளிர்பான ஏஜென்சி. வழி நெடுகச் சர்க்கரைத் தண்ணீர் இலவசம். ராமையாவுக்கு மட்டும் மேடையில் வைத்து ஒரு ஜோடி வெள்ளை ஷூ கொடுத்தார்கள். செயற்கைக் காலுக்கு எதற்கு ஷூ, இடதுக்கு மட்டும் போதுமே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜோடியாகத்தான் விற்கிறார்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். விலைச்சீட்டைத் தொங்கவிடும் பிளாஸ்டிக் ஆணி ஒன்று வலது ஷூவுக்குள்ளேயே அறுந்து கிடந்தது. ராமையா காலை நுழைத்தார். நன்றாகத்தான் இருந்தது.

ஜெனரல் மேனேஜர் காரில் வந்து ரிப்பனை வெட்டினார். ஆங்கிலத்தில் பேசினார். ஆகில் பக்கத்தில் நின்று தமிழாக்கினான்.

“ஜி.எம். சார் என்ன சொல்றார்னா, நோய்ங்கிறது ஒரு சாய்ஸ். கம்பெனி உங்ககிட்ட டெய்லி டுவெல்வ் அவர்ஸ்தான் எடுத்துக்குது. பாக்கி டுவெல்வ் அவர்ஸ் உங்களுக்கே ஃப்ரீயா குடுத்திருக்கு. அந்த டைம்ல நீங்க என்ன பண்றீங்க? பஸ்ல உக்காந்திருக்கீங்க! க்யூல நிக்கிறீங்க! தூங்கறீங்க! சார்கூடத் தினமும் மார்னிங் ஸ்விம் பண்றார். நீங்க ஏன் பண்றதில்ல? ராமையா அங்கிளைப் பாத்து, ரெண்டு காலும் இருக்கிறவங்க வெக்கப்படணும்னு சொல்றார்.”

இரண்டு காலும் இருந்தவர்கள் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தார்கள். ஜெனரல் மேனேஜர் மறுபடியும் காரில் ஏறி, நடந்து வருகிறவர்களை வரவேற்பதற்காக முன்னால் போய்விட்டார்.

ராமையா பேனருக்கு முன்னால் நடந்தார். பாதி வழியில் இடது குதிகாலைப் புது ஷூ கடித்தது. இடது பக்கம் நொண்டினார். வலதுகாலில் ஒரு தொந்தரவும் இல்லை; அதுதான் நல்ல கால் என்பதுபோல அதன்மேல் பாரத்தைப் போட்டு ஊன்றி ஊன்றி நடந்து முடித்தார். காலுறை நசநசவென்று இருந்தது. வேர்வை என்று நினைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியபோது மற்றவர்களைப் போல அவரும் தட்டினார்.

அறைக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது அருள்முருகன்தான் முதலில் பார்த்தான். வெள்ளை ஷூவின் உட்புறம் சிவப்பாக இருந்தது. பிளாஸ்டிக் ஆணி பாதத்துக்குள் இறங்கி வளைந்து நின்றது.

“அண்ணே, வலிக்கலியா?”

“இல்லப்பா.”

அருள்முருகன் ஆணியைப் பிடுங்கி, தண்ணீர் விட்டுக் கழுவித் துணி சுற்றினான். அவனுக்குத்தான் வலித்தது.

மறுநாள் சீட்டு கேட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். வசந்தகுமாரி விருது வாங்க பஹ்ரைன் போயிருந்தார். வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். பஹ்ரைனிலிருந்து குவைத்துக்குக் கருத்தரங்கம் போனார். கிளினிக் டாக்டர் பாதத்தில் சுற்றிய துணியைப் பார்த்துவிட்டு, செயற்கை உறுப்புக்குப் புண் மருந்து எழுதக் கம்ப்யூட்டர் அனுமதிக்கவில்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினார். உண்மையாகவே அனுமதிக்கவில்லை. ராமையா டூட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பாதம் வீங்கியது, கறுத்தது, நாற ஆரம்பித்தது. அறையில் இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அப்போதும் வலி என்று ஒன்றும் இல்லை.

கண்டெய்னருக்குள் காய்ச்சலில் விழுந்தபோதுதான் ஆம்புலன்ஸ் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சர்ஜன் அவருடைய சர்க்கரை அளவை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னார். ராமையா அதை முதல்முறையாகக் கேட்டார்.

“ஏன் இவ்வளவு லேட்டா வந்தே?” என்று சர்ஜன் கோபப்பட்டார்.

“முன்னமே வந்தேன் சார்,” என்றார் ராமையா. எங்கே, யாரிடம் என்றெல்லாம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

முழங்காலுக்குக் கீழே முழுசாக எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்த அன்று சாயங்காலம் அருள்முருகன் தன் மொபைலில் ஊருக்குப் போன் போட்டுக் கொடுத்தான். மனைவி சரசு எடுத்தாள்.

“என்ன இந்த நேரத்துல? ஒடம்பு நல்லாருக்கா?”

“சுகர் இருக்காம்.”

“ஐயய்யோ. டீயில சீனியக் கொறைங்க. வெறுங்கால்ல நடக்காதீக. சுகர் வந்தா காலப் பாத்துக்கிறணுமாம்ல, நம்ம சங்கீதா புஸ்தகத்துல போட்டிருக்காம்.”

“ம்.”

“எப்ப வாரீக?”

“சீக்கிரமாத்தான் வருவேன்.”

அவளுக்கு அதில் சந்தோஷம். ராமையா போனைத் திருப்பிக் கொடுத்தார். இப்போதாவது அழுவார் என்று அருள்முருகன் காத்திருந்தான். ராமையாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை, காலில் ஆரம்பித்தது எங்கே வரைக்கும் ஏறியிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அருள்முருகன்தான் வராந்தாவுக்குப் போய் நின்று அழுதான்.

விஷயம் நல்வாழ்வுப் பிரிவின் கூட்டத்துக்கு வந்தது. பணியின்போது உறுப்பிழப்பா, நஷ்டஈடு தரவேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். வலது கால் செயற்கை என்று ஆய்விலேயே பதிவாகியிருந்தது. ஆகவே ஊழியர் புதிதாக எதையும் இழக்கவில்லை என்று முடிவானது. கோப்பில் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. “கடைசியில டேட்டாதான் கரெக்ட்டா இருந்துச்சு பாருங்க,” என்று வசந்தகுமாரி சொன்னதாக டீ கொண்டுபோனவர் வந்து சொன்னார். விருது அவருடைய மேசைமேல் இருந்ததாம். கண்ணாடியில் செய்த ஒரு பாதம்.

ஊருக்கு அனுப்பும் காகிதங்கள் தயாராகும்வரை ராமையாவுக்கு இலகு வேலை கொடுத்தார்கள். கேம்ப் வாசலில் நாற்காலியும் மேசையும் போட்டு, போகிற வருகிறவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கவேண்டும். ‘உட்கார்ந்தே இருப்பது உயிருக்கு ஆபத்து’ என்பது நோட்டீஸின் தலைப்பு. ராமையா உட்கார்ந்து கொடுத்தார்.

அங்கேதான் ஆகில் மறுபடியும் லேப்டாப்போடு வந்தான். தொடர் ஆய்வாம், முதல் சுற்றில் அகப்பட்டவர்களிடம் இரண்டாம் சுற்றும் கேட்கவேண்டும். ராமையாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கை கொடுத்தான். மேசைமேல் சாய்த்திருந்த ஊன்றுகோலைக் கவனித்தான். மேசைக்கு அடியில் இந்த முறையும் பார்க்கவில்லை.

“எப்படி இருக்கீங்க அங்கிள்? எக்சர்சைஸ்?”

“உக்காந்துதான் இருக்கேன் தம்பி.”

“ஸேம். ஸ்ட்ரெஸ்?”

“இல்ல.”

“ஸேம். லெக்?”

ராமையா கீழே பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே இப்படி ஒரு விசித்திரம். யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் பைத்தியம் என்பார்கள். இருந்தபோது ஆணி இறங்கியும் சும்மா இருந்த கால், இப்போது விரல் விரலாக எரிகிறது. குத்துகிறது. ராத்திரியில் பாதம் அரிக்கிறது. சொறியக் கையை நீட்டினால் விரிப்புதான் அகப்படுகிறது. இந்தப் பையன்தான் அன்றைக்குக் கண் கலங்கியவன். இவனிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

“இல்லாத கால் வலிக்குது தம்பி,” என்றார் மெதுவாக.

ஆகில் புருவத்தைச் சுருக்கி அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். கால் தெரியும். வலி தெரியும். இல்லாத என்றால் இல்லை.

“கால் வலி... இல்ல,” என்று சொல்லிக்கொண்டே தட்டினான். முகம் முழுக்கச் சிரிப்பு. “வெரி குட் அங்கிள். நல்ல இம்ப்ரூவ்மென்ட்.”